குலுக்கலில் போட விடுங்கள்: ஆய்வு நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒன்றாகக் கூட்டி விடை சொல்லும் எங்கள் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு நிதி ஒதுக்கியிருப்பதாக உங்கள் கடிதம் வந்தது. அதில் இரண்டு குறிப்புகள் இருந்தன. கட்டுரைகளிலிருந்து எண்களை எடுக்கும் இரண்டு முறைகளில் எதில் பிழை குறைவு என்று இந்த ரிவ்யூவுக்குள்ளேயே சோதித்துப் பார்க்க, விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் நாங்கள் கேட்டிருந்த சிறிய உள்ளாய்வை நீக்கிவிட்டீர்கள். அதற்கான 1,20,000 ரூபாயும் போயிற்று. காரணம் ஒரே வரி: 'மூலக் கேள்விக்குத் தொடர்பில்லாதது.' இரண்டாவது குறிப்பு எங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் நிதியில் நடக்கும் எல்லா ரிவ்யூக்களுக்கும். இனிமேல் ஸ்கிரீனிங்கை, அதாவது எந்தக் கட்டுரையைச் சேர்ப்பது என்று வடிகட்டுவதை, ஒரு ஆளும் ஒரு மென்பொருளும் செய்தால் போதும். கட்டுரைகளிலிருந்து தரவை ஒருவர் எடுத்து, இன்னொருவர் சரிபார்த்தால் போதும். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்வது 'தேவையற்ற இரட்டை வேலை.'

ஒரு மாத்திரையை எழுதிக் கொடுப்பதற்கு, ஆட்களைக் குலுக்கலில் பிரித்துச் சோதித்த ராண்டமைஸ்டு ட்ரையல் எங்கே என்று கேட்கிற குழு நீங்கள். அந்த ட்ரையல்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டி விடை சொல்கிற முறையை மாற்றும்போது மட்டும் ஆதாரம் எங்கே என்று உங்களுக்குள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாங்களே சோதித்துப் பார்க்கிறோம் என்று வந்தால் அதையும் வெட்டிவிட்டீர்கள். இதைப் பேசாமல் வாங்கி ஃபைலில் போட என்னால் முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியில் நூலகராக இருந்தவள். 2007இல் ஐ.சி.எம்.ஆர். சந்தா கட்டி, இந்தியாவில் யார் வேண்டுமானாலும் இந்த மாதிரி ரிவ்யூக்களின் இணையத் தொகுப்பான காக்ரேன் நூலகத்தை இலவசமாகப் படிக்கலாம் என்று ஆனபோது, பி.ஜி. மாணவர்களை உட்காரவைத்து எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சொல்லிக்கொடுக்கப் போனவள் அப்படியே உள்ளே போய்விட்டேன். பதினொரு வருடமாக இதுதான் பிழைப்பு: தேடுவது, ஆயிரக்கணக்கான தலைப்புகளை வடிகட்டுவது, தேறிய கட்டுரைகளைத் திறந்து எண்களை எடுத்து எக்ஸெல்லில் போடுவது. ரிவ்யூவின் முகப்பில் பெரும்பாலும் பேராசிரியர்களின் பெயர் இருக்கும். எண்ணைத் தட்டச்சு செய்த விரல் எங்களுடையது. அந்த விரல் எங்கே தவறும் என்று எங்களுக்குத் தெரியும்.

தவறியதைச் சொல்கிறேன்.

கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றிய ரிவ்யூ அது. இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதா, நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுவதா, எதில் ஹீமோகுளோபின் அதிகம் ஏறுகிறது என்பது கேள்வி. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே வேலையில்லாமல் யாரோ கேட்ட கேள்வி என்று ஒதுக்க முடியாது. அன்றைக்கு நாங்கள் பின்பற்றியது, இன்றைக்கு நீங்கள் எல்லாருக்கும் விதித்திருக்கும் அதே முறை. ஒருவர் எடுப்பார், ஒருவர் சரிபார்ப்பார்.

ஒரு பழைய கட்டுரை. ஸ்கேன் செய்த பி.டி.எஃப்., ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. மூன்றாம் அட்டவணையில் ஹீமோகுளோபின் ஏற்றம் '2.1 ± 0.15' என்று போட்டிருந்தார்கள். ஒரு குழுவுக்கு 64 பெண்கள். நான் 2.1ஐ சராசரிக்கான கட்டத்தில் போட்டேன். 0.15ஐ எஸ்.டி., அதாவது ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் திட்ட விலக்கம், அந்தக் கட்டத்தில் போட்டேன். சரிபார்ப்பவர் கட்டுரையைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார். அங்கே 0.15, இங்கேயும் 0.15. பச்சை டிக் விழுந்தது.

கணக்கு ஓடி ஃபாரஸ்ட் ப்ளாட் வந்தது. அந்தப் படத்தில் ஒவ்வொரு ஆய்வும் ஒரு சதுரம். இறுதி விடையில் அதற்குள்ள எடை கூடக் கூடச் சதுரம் பெரிதாகும். எங்கள் படத்தில் மற்றதெல்லாம் சுண்டைக்காய், இந்த ஒன்று மட்டும் பூசணிக்காய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே யாரும் மறைக்கவே இல்லை, நடு இலையில்தான் இருந்தது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, 'பரவாயில்லையே, நல்ல துல்லியமான ஆய்வு' என்று பேசிக்கொண்டோம்.

கண்டுபிடித்தது மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்திருந்த ஒரு நர்சிங் பட்டதாரிப் பெண். பழக்கத்துக்காக நாலைந்து கட்டுரைகளைக் கொடுத்து, "எங்க ஷீட்டைப் பார்க்காம நீயே எடு" என்று சொல்லியிருந்தேன். அரை மணி கழித்து வந்து நின்றாள். "மேடம், 64 பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவா ஏறியிருக்குன்னு வருதே. வார்டுல நான் அப்படிப் பார்த்ததே இல்லையே."

எனக்கு முதுகில் சில்லென்றது. அது எஸ்.டி. இல்லை, எஸ்.இ.; சராசரி எவ்வளவு துல்லியம் என்று சொல்லும் திட்டப் பிழை. எஸ்.இ.யிலிருந்து எஸ்.டி. வேண்டுமென்றால் ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 64க்கு வர்க்கமூலம் 8. 0.15ஐ எட்டால் பெருக்கினால் 1.2. ஹீமோகுளோபினுக்கு 1.2 என்றால் நம்பலாம், வார்டில் பார்க்கிற சிதறல் அவ்வளவு இருக்கும். நாங்கள் எஸ்.டி.யை எட்டில் ஒன்றாகச் சுருக்கியிருந்தோம். எல்லா ஆய்வும் ஒரே விளைவைத்தான் அளக்கிறது என்று கொள்ளும் ஃபிக்ஸட் எஃபெக்ட் கணக்கில் எடை எஸ்.டி.யின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போகும், ஆகவே அந்த ஒரு ஆய்வுக்கு 64 மடங்கு எடை ஏறியிருந்தது. ஆய்வுக்கு ஆய்வு விளைவு மாறலாம் என்று கொள்ளும் ராண்டம் எஃபெக்ட்ஸ் போட்டால் வீக்கம் வடியும், முழுக்க வடியாது.

உறுதி செய்துகொள்ள ஆசிரியருக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். மூன்றும் திரும்பி வந்தன. ஓய்வு பெற்றுவிட்டாராம். அவருடைய பழைய துறையில் ஒரு கிளர்க் நம்பர் தேடிக் கொடுத்தார். போனில் பெரியவர் சிரித்தார். "அது எஸ்.இ. தாம்மா. எஸ்.டி. போட்டா ரொம்ப அகலமாத் தெரியுது, இதையே போடுங்கன்னு சொன்னாங்க. போட்டோம்."

(மின்னஞ்சலை விடப் போனில் கூப்பிட்டால் ஆசிரியர்களிடமிருந்து பதில் அதிகம் கிடைக்கிறது என்பதையும் ராண்டமைஸ் செய்தே 2019இல் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர் கிளர்க்குகளுக்கு அது முன்பே தெரியும்.)

சரிபார்த்தவர் சோம்பேறி இல்லை, அவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொன்னோம், பார்த்தார். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை நான் முன்கூட்டியே முடிவு செய்து கட்டத்தில் போட்டுவிட்டேன். என் முடிவைத் தாண்டி அவர் கண் போகவில்லை. புதிதாக வந்த பெண்ணுக்கு முன்னால் என் முடிவு இல்லை, வெறும் கட்டுரைதான் இருந்தது.

இந்தக் கதையைச் சொல்லி, 'ஆகவே இரண்டு பேர் தனித்தனியாக எடுப்பதே சரி' என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு கதையை வைத்து ஒரு மருந்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றால் ஒரு முறையையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. அதனால்தான் ஏழாம் பக்கம் எழுதினோம்.

அந்தப் பக்கத்தில் இருந்ததை இங்கே மறுபடி சொல்கிறேன், நீங்கள் அவசரத்தில் தாண்டிப் போயிருக்கலாம். இந்த ரிவ்யூவுக்கு 58 கட்டுரைகள் தேறியிருக்கின்றன. எப்படியும் ஒவ்வொன்றையும் திறந்து எண்களை எடுத்துத்தான் ஆக வேண்டும். கட்டுரைகளைக் குலுக்கலில் போட்டு, பாதியை ஒருவர் எடுத்து ஒருவர் சரிபார்ப்பது, மீதியை இருவர் தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒப்பிட்டு முடிவு செய்வது. எந்தக் கட்டுரை எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியாத ஒரு புள்ளியியலாளர் கடைசியில் எல்லாவற்றையும் மூலத்தோடு பார்த்துப் பிழைகளை எண்ணுவார். எவ்வளவு நிமிடம் ஆனது என்பதையும் எழுதி வைப்போம். அவ்வளவுதான். நோயாளி யாரையும் தொடவில்லை, புதிதாக ஒரு ஊசி போடவில்லை. கேட்ட பணம் அந்தப் புள்ளியியலாளருக்கும் இரண்டு பகுதி நேர உதவியாளர்களுக்கும்.

நாங்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை இது. ஒரு ட்ரையலுக்குள்ளேயே சின்னதாக ஒரு முறையியல் ஆய்வை வைத்து நடத்துவதை ஸ்வாட் என்கிறார்கள். ஆட்களைச் சேர்க்கும் கடிதத்தை எப்படி எழுதினால் அதிகம் பேர் வருகிறார்கள், எந்த நினைவூட்டலுக்குப் படிவம் திரும்பி வருகிறது, இந்த மாதிரி. ரிவ்யூவுக்குள் வைத்தால் ஸ்வார். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக் கிளார்க்கும் அவரோடு இருப்பவர்களும் இரண்டுக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். திட்டத்தை அங்கே பதிந்துவிட்டால், வேறொரு நாட்டில் வேறொரு ரிவ்யூ செய்கிறவர் அதே சோதனையைத் தன் ரிவ்யூவிலும் வைக்கலாம், பிறகு எல்லாவற்றையும் கூட்டலாம். ஸ்வார் என்றால் என்ன, எப்படித் திட்டமிடுவது என்று 2022இல் அயர்லாந்தின் டெக்லன் டிவேனும் கிளார்க்கும் இன்னும் சிலரும் சேர்ந்து கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

'முறையெல்லாம் ஏற்கெனவே முடிவான விஷயம்' என்று உங்கள் உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். முடிவானதா என்று பார்ப்போம்.

2006இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 30 ஆய்வுகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் எடுத்து ஒருவர் சரிபார்த்த முறையில், இருவர் தனித்தனியாக எடுத்ததை விட 21.7 சதவீதம் அதிகப் பிழை. நேரம் குறைந்தது உண்மை, கூட்டிய இறுதி விடையும் பெரும்பாலும் பெரிதாக மாறவில்லை. 2019இல் வெளிவந்த ஒரு ராண்டமைஸ்டு ட்ரையலில் தரவு எடுக்கும் 26 ஜோடி ஆட்களை வைத்துப் பார்த்தார்கள். சரிபார்க்கும் முறையில் பிழை 16 சதவீதம், இருவர் தனித்தனியாக எடுத்ததில் 15 சதவீதம். ஒரே ஒரு சதவீத வித்தியாசம்! அந்த ட்ரையலைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். என் பூசணிக்காய் ஒரு விதிவிலக்காக இருக்கலாம். ஆனால் எந்த முறையில் எடுத்தாலும் நூறில் பதினைந்து தப்பாக இருக்கிறது என்பதையும் அதே ட்ரையல்தான் சொல்கிறது. 2007இல் கோபன்ஹேகனில் இருந்த காக்ரேன் மையத்தினர் ஏற்கெனவே அச்சான 27 மெட்டா அனாலிசிஸ்களை (பல ட்ரையல்களின் எண்களைக் கூட்டும் கணக்குகளை) எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு ட்ரையல்களைத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். அந்த 27இல் பத்து மெட்டா அனாலிசிஸ்களில், இரண்டில் ஒரு ட்ரையலாவது ஒத்துவரவில்லை. தப்பான ஆட்கள் எண்ணிக்கை, தப்பான எஸ்.டி., ஏன், கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறிகூட.

இதைத்தான் முடிவான விஷயம் என்கிறீர்களா?

அதிலும் இந்த ஆய்வுகளில் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் ஓரளவு தெளிவான கட்டுரைகளாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் மேசைக்கு வருகிறவை அப்படியா வருகின்றன? அட்டவணையின் கீழே '±' என்றால் என்ன என்று ஒரு குறிப்புகூட இருக்காது. குழு ஒன்றில் 64 பேர் என்று சுருக்கத்திலும் 61 என்று அட்டவணையிலும் இருக்கும். இந்தக் கட்டுரைகளில் எந்த முறைக்கு எத்தனை பிழை என்று யாரும் போய்ப் பார்த்ததாக நான் படித்ததில்லை. நாங்கள் பார்க்கிறோம் என்றோம்.

ஸ்கிரீனிங் பற்றி. 2020இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ட்லேனர் குழு 280 பேரை இணையம் வழியாகச் சேர்த்து, சேர்ப்பதா தள்ளுவதா என்று அவர்கள் எடுத்த 24,000க்கும் மேற்பட்ட முடிவுகளை அலசியது. தலைப்பையும் சுருக்கத்தையும் ஒருவர் மட்டும் பார்த்தால், சேர்க்க வேண்டிய ஆய்வுகளில் 13 சதவீதம் தவறிப்போகிறது. இருவர் பார்த்தால் 3 சதவீதம். நீங்கள் ஒருவர் போதும் என்கிறீர்கள், இன்னொருவர் இடத்தில் மென்பொருள் உட்காரும் என்கிறீர்கள்.

மென்பொருள் எனக்கு எதிரி இல்லை. ஸ்கிரீனிங்குக்கான ரய்யான் மென்பொருள் வந்த புதிதில், தலைப்புகளைப் பிரிண்ட் எடுத்து ஹைலைட்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்த எங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலத்தான் இருந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் செய்த ஏ.எஸ். ரிவ்யூவையும் தோண்டிப் பார்த்திருக்கிறேன். நாம் எதைச் சேர்க்கிறோம், எதைத் தள்ளுகிறோம் என்று பார்த்துக் கற்றுக்கொண்டு, பொருந்துவதை மேலே தள்ளிக் கொடுக்கும். நல்ல விஷயம். ஆனால் அது கற்றுக்கொள்வது தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள சொற்களை வைத்து. எங்கள் பட்டியலில் சுருக்கமே இல்லாத பழைய பதிவுகள் கணிசம், வெறும் தலைப்பு மட்டும், அதுவும் ஆறு சொல்லில். படிக்க ஒன்றுமில்லாததை அது எங்கே கொண்டுபோய் வைக்கும்? மேலே ஆயிரம் பார்த்ததும் 'போதும், நிறுத்திக்கொள்' என்று நீங்கள் சொல்லும் அந்தக் கோட்டுக்குக் கீழே எங்கள் ஊர் ஆய்வுகள் போய் உட்கார்ந்துவிடுமோ என்பது என் பயம். அது வெறும் பயமாகவே இருக்கட்டும், சந்தோஷம். ஒரே பட்டியலை இரண்டு விதமாகவும் ஓடவிட்டு எண்ணிப் பார்த்தால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். கேட்டால், வேண்டாம் என்கிறீர்கள்.

உங்கள் அவசரம் புரியாமலில்லை. 2017இல் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, ரிவ்யூக்களை முன்கூட்டியே பதியும் ப்ராஸ்பெரோ பதிவேட்டில் பதிவான ரிவ்யூ ஒன்று முடிய சராசரியாக 67 வாரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் கொள்கை முடிவு எடுக்க வேண்டியவர்கள் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நேரம் குறைய வேண்டும், சந்தேகமே இல்லை. எங்கே குறைத்தால் பிழை ஏறாது என்று தெரிந்துகொண்டு குறையுங்கள் என்பதே என் வாதம். எங்கள் உள்ளாய்வு சரிபார்க்கும் முறையே போதும் என்று காட்டினால், உங்கள் சுற்றறிக்கையை நானே எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களிடம் வாதாடுவேன்.

தாமதத்துக்கும் விலை உண்டு, தப்புக்கும் உண்டு. காக்ரேன் அமைப்பின் சின்னத்திலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. குறைமாதத்தில் பிரசவம் ஆகப்போகிற தாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்ற முதல் ட்ரையல் 1972இல் வந்தது. அந்த ட்ரையல்களை ஒழுங்காகக் கூட்டிப் பார்த்த ரிவ்யூ வர 1989 ஆயிற்று. நடுவில் பல டாக்டர்கள் கொடுக்கவே இல்லை. சின்னத்தில் வட்டத்துக்குள் இருக்கும் குட்டிக் கோடுகள் அந்த ட்ரையல்கள்தான்; கோடு எவ்வளவு குறுகலோ அவ்வளவு துல்லியம். அதே மாதிரி ஒரு கோட்டைத்தான் நான் எட்டு மடங்கு குறுக்கி வைத்திருந்தேன்.

'ஒரே ஒரு ரிவ்யூவில் 58 கட்டுரையை வைத்து என்ன நிரூபித்துவிடப் போகிறீர்கள்' என்றும் கேட்டார்கள். சரியான கேள்வி. ஒன்றும் நிரூபிக்க முடியாது. அதனால்தான் இதை எங்களுக்கு மட்டும் கேட்பது முட்டாள்தனம் என்று இப்போது தோன்றுகிறது. நிதி உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் நிதியில் நடக்கும் ஒவ்வொரு ரிவ்யூவிலும் இதே குலுக்கலை, இதே படிவத்தை, இதே பிழைக் கணக்கை வைத்தால், சில வருடங்களில் நம் கட்டுரைகளுக்கு நம் கையிலேயே விடை இருக்கும். எங்களால் முடியாதது உங்களால் முடியும்.

ஆகவே, கேட்பவை இவை.

நீக்கிய உள்ளாய்வைத் திரும்பச் சேருங்கள். பணம் இல்லையென்றால் பணம் வேண்டாம், அனுமதி மட்டும் கொடுங்கள். புள்ளியியலாளரை நாங்கள் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். பயணத்துக்காக ஒதுக்கிய தொகையிலிருந்து உதவியாளர்களுக்கு மாற்றிக்கொள்ள எழுத்தில் ஒப்புதல் தாருங்கள்.

ஒருவரும் மென்பொருளும் போதும் என்ற விதியை நிறுத்தி வையுங்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை. இப்போது நிதி பெற்றிருக்கும் ரிவ்யூக்களில் விருப்பமுள்ளவர்கள் பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே பட்டியலில் ஓடவிட்டு, தவறிப்போன ஆய்வுகள் எத்தனை என்று உங்களுக்கு அறிக்கை தரட்டும். அதைப் பார்த்து விதி போடுங்கள்.

அடுத்த விண்ணப்பப் படிவத்தில் ஒரு பத்தி சேருங்கள்: இந்த ரிவ்யூவுக்குள் எந்த முறையைச் சோதிக்கப் போகிறீர்கள், எங்கே முன்கூட்டிப் பதிவு செய்திருக்கிறீர்கள். ஒன்றும் இல்லை என்று எழுதுகிறவருக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். எழுதுகிறவரை வெட்டாமல் இருந்தால் போதும்.

கடைசியாக, இந்த மாதிரி முறை பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில், கையில் எக்ஸெல் ஷீட்டோடு வேலை செய்கிற ஒருவரை உறுப்பினராக வையுங்கள். நான்தான் வர வேண்டும் என்றில்லை. அந்த நர்சிங் பட்டதாரிப் பெண் இப்போது வேறு ஊரில் முழுநேர வேலையில் இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள்.

58 கட்டுரைகளில் 22ஐ ஏற்கெனவே உங்கள் முறைப்படி எடுத்து முடித்துவிட்டோம், வேறு வழியில்லை. மீதி 36 இன்னும் திறக்கவில்லை. மார்ச் முடிவதற்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் அவற்றையாவது குலுக்கலில் போடலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் அவற்றையும் திறந்தே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நிதியில் வேலை செய்யும் ஒரு ரிவ்யூ ஒருங்கிணைப்பாளர்